கறுப்பு ஃபியட்டின் சுழிகள்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, வேப்பமரத்து நிழல் விலகி பார்த்தசாரதியின் கார் பானட்டில் வெயில் ஏறியபோதுதான் கிறிஸ்துதாஸ் அதைப் பார்த்தார். முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. பானட்டில் சூரியன் விழுந்திருந்த இடத்தைச் சுற்றித்தான் மயிரிழை கனத்தில், வட்டம் வட்டமாக, நூற்றுக்கணக்கில் கீறல்கள். அவர் இடப்பக்கம் நகர்ந்தால் சூரியன் நகர்ந்தது. கீறல்களும் கூடவே நகர்ந்தன. கதவுப் பக்கம் போனார். அங்கேயும் வந்தன. டிக்கிப் பக்கம் போனார். அவருக்கு முன்னால் போய்க் காத்திருந்தன. இந்த ஐம்பத்தேழு வயதுக்குள் எந்தச் சிலந்தியும் தன்னை இப்படி வலையோடு துரத்தியதில்லை என்று அவருக்குத் தோன்றியது. சொல்லிச் சிரிக்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க முடியாது.

பார்த்தசாரதி சர்க்கார் ஃபேக்டரியின் டைம் ஆபீஸில் தலைமை கிளார்க். ஆவடி குவார்ட்டர்ஸில் அந்தத் தெருவிலேயே முதன்முதலாகக் கார் வாங்கியவர். அது தொண்ணூற்று இரண்டாம் வருஷம். ஏற்கெனவே இரண்டு கை மாறிய ஃபியட். குமணன்சாவடியில் கோவிந்தன் ஷெட்டில் கொடுத்து அட்டக் கறுப்பில் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்திருந்தார். கார் வந்த பிறகு அவர் நடப்பது அதிகமாகிவிட்டது. தூசி படும் என்று மார்க்கெட்டுக்கு எடுக்கமாட்டார். மழை வரும் என்று ஆபீஸுக்கு எடுக்கமாட்டார். வெள்ளிக்கிழமை மனைவி பார்வதத்தை உட்காரவைத்துக் கோயில்வரை போய்வருவார். ரயில்வே கேட்டைத் தாண்டி அந்தக் கார் போய்ப் பார்த்தவர்கள் இல்லை. திருப்பதிக்குக் கிளம்பியபோதும் காரை எதிர்வீட்டுக் கிறிஸ்துதாஸிடம் ஒப்படைத்துவிட்டுக் குடும்பத்தோடு பஸ் ஏறினார்.

"மூணு நாள் ஒரு கண்ணு வச்சுக்கோ தாஸ். உன்னைத்தான் நம்பியிருக்கேன்" என்று, பெருமாளிடம் போய்ச் சொல்லவேண்டியதை வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. கிறிஸ்துதாஸ் இருபத்தெட்டு வருஷமாக லேத் ஷாப்பில் இரும்பு கடைகிறவர் என்றாலும் தெருவில் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது இரும்பு இல்லை, வாய். பால் பூத் வாசலில் சாயங்காலம் அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் பாலைச் சுடவைத்துவிட்டுத் திரும்பிவந்து மீதியைக் கேட்பார்கள். ஜபல்பூரில் டிரெய்னிங்கில் இருந்தபோது கர்னலின் ஜீப்புக்கு அவர் பாலிஷ் போட்டார். அதில் தன் உருவத்தைப் பார்த்த காகம் ஒன்று வேறு காகம் என்று எண்ணி மூன்று நாள் சண்டை போட்டது. நாலாம் நாள் சமாதானமாகி அதற்குச் சோறு கொண்டுவந்து வைத்தது. எண்பத்தைந்து வெள்ளத்தில் அவருடைய டூல் பெட்டிக்குள் ஒரு விரால் மீன் புகுந்துகொண்டு நாலு நாள் ஒழுங்காக ஷிஃப்டுக்கு வந்தது. ஐந்தாம் நாள் லேட் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் உதட்டில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல் சொல்வார். பூத் நடத்தும் வேம்புலி மட்டும், "மீனுக்கு டோக்கன் நம்பர் இன்னா அண்ணாத்தே?" என்று கேட்பான். அவர் கொஞ்சம் யோசித்து நம்பரைச் சொல்வார். ஒருவரும் நம்பியதில்லை. ஒருவரும் நடுவில் எழுந்து போனதும் இல்லை. பார்த்தசாரதி மட்டும் காகக் கதையை முக்கால்வாசி நம்பினார். கார் வாங்குகிறவர்களுக்கு இப்படிச் சில பலவீனங்கள் வந்துவிடுகின்றன.

முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கிறிஸ்துதாஸ், காரின் கூரையில் காகம் எச்சமிட்டிருப்பதைப் பார்த்தார். துடைத்தார். துடைத்த இடம் பளிச்சென்று ஆகி, துடைக்காத இடத்தையெல்லாம் காட்டிக்கொடுத்தது. அதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்குள் போய் ஒரு கை வேஸ்ட்டை எடுத்துவந்தார்.

வேஸ்ட் என்பது நூல் மில்லில் கழித்துப்போட்ட நூல் சிக்கல். மெஷின் துடைப்பதற்காக ஷாப்பில் கொடுப்பார்கள். சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸ் ஆடாமல் இருக்க அடைத்து வைத்ததுபோல அது கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிடும். குவார்ட்டர்ஸில் வேஸ்ட் இல்லாத வீடு கிடையாது. சைக்கிள் துடைப்பது, ஸ்டவ் துடைப்பது, பிள்ளைக்கு மூக்குத் துடைப்பது எல்லாம் அதால்தான். உலகத்தில் அதைவிட மெத்தென்ற வஸ்து வேறில்லை என்பதில் ஃபேக்டரிக்காரர்களுக்குள் யூனியன் பேதம்கூடக் கிடையாது. இரண்டு மணி நேரம் துடைத்தார். இருபத்தெட்டு வருஷமாக லேத்தைத் துடைத்த கை, சொல்லாமலே வட்டம் வட்டமாகப் போயிற்று. நிழலில் கார் மினுமினுத்தது. பார்த்தசாரதி வந்து அசந்து நிற்கப்போவதையும், தான் அதைப் பொருட்படுத்தாமல் பல் குத்திக்கொண்டு நிற்கப்போவதையும் நினைத்துப் பார்த்துக்கொண்டார்.

இப்போது, திங்கட்கிழமை, வீட்டுக்குள் போய் அந்த வேஸ்ட்டை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார். நூலுக்கு நூல் இரும்புச் சீவல். லேத்தில் கடையும்போது சுருண்டு விழுவது, பொடிந்து, மீன்செதில் மாதிரி உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஷாப்பில் அவரே கடைந்த இரும்புதான்.

தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து காரை மூடினார். மூடினால் சரியாகிவிடும் என்பதுபோல நாலு மூலையிலும் செங்கல் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் குடும்பம் மொட்டைத்தலைகளோடு வந்து இறங்கியது. பார்வதம் தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தாள். வேலைக்காரி தாயம்மாள் பாத்திரத்தை முடித்துவிட்டு, தார்ப்பாயை விலக்கி, வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றிக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோவில்பதாகையிலிருந்து நடந்துவருகிறவள். அந்தத் தெருவில் மூன்று வீட்டு வேலை அவளுக்கு. ஒன்பதரை மணிக்கு வெயில் வந்தது. வெளியே வந்த பார்த்தசாரதி, "பெருமாளே!" என்று ஒரு சத்தம் போட்டார். மலை மேல்கூட அப்படிக் கூப்பிட்டிருக்கமாட்டார்.

தெரு கூடிவிட்டது. பார்வதம் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து தாயம்மாளைப் பார்த்தாள். தாயம்மாளின் வாளி விளிம்பில் பாத்திரம் தேய்த்த தேங்காய் நார் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்திரம் தேய்க்கிற நாரைப் போட்டுத் தேய்ச்சிருக்கா பாருங்க!"

"இன்னாம்மா சொல்றே? துணிதாம்மா போட்டேன். இதோ கையில கீது பாரு."

"நான் மூணு நாள் இல்ல. இஷ்டத்துக்குத் தேய்ச்சிருக்கே."

"ஐய! மூணு நாளா நான் இந்தக் காராண்டயே வர்ல. அண்ணாத்தேய கேளு, எதிர்லதான கீறாரு!"

எல்லாரும் திரும்பினார்கள். கிறிஸ்துதாஸ் கையில் பாதி லட்டோடு நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தார். உள்ளே மற்றப் பாதி இருந்தது. அதை விழுங்கினார். விழுங்கிய பிறகு, சொல்லவேண்டியது இருந்த இடத்தில் வேறு ஒன்று இருந்தது.

"நான் சரிபண்ணித் தரேன் சார்" என்றார்.

தெருவே நிம்மதியாயிற்று. காகத்தை ஏமாற்றிய கை அல்லவா. பார்த்தசாரதி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ இருக்கறதால ஆச்சு" என்றார். தாயம்மாள் துணியைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, கிறிஸ்துதாஸை ஒரு தடவை பார்த்துவிட்டு நடந்தாள். சாயங்காலத்துக்குள் மற்ற இரண்டு வீட்டிலும் அவளை நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். காருக்கே நாரைப் போட்டவள் நம் எவர்சில்வரை என்ன பாடுபடுத்தியிருக்கிறாளோ என்று ஆளுக்கொரு டம்ளரை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எல்லா டம்ளரிலும் கீறல் இருந்தது.

கிறிஸ்துதாஸ் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மனைவி தெரசா ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தவள். மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"லட்டு இனிப்பா இருந்துச்சா?"

 வாசலில் உண்மையைச் சொல்லாததற்குக் காரணங்கள் அவரிடம் இருந்தன. ரிட்டையராக இன்னும் பத்து மாசம். போன மாசம்தான் ஒரு பித்தளைத் துண்டுக்காக ஒருவனை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். வேஸ்ட்டும் சர்க்கார் சொத்துதான். ஆனால் அது இல்லை என்று அவருக்கே தெரியும். தெருவிலிருந்து யாரும் போய் எழுதிப்போடப் போவதில்லை. எல்லார் வீட்டிலும் வேஸ்ட் இருக்கிறது. வேம்புலி கேட்பானே என்பதுதான் அவருக்கு இருந்த பயம். கர்னல் ஜீப்பையே பளபளவென்று ஆக்கியவன் கேவலம் ஒரு ஃபியட்டைத் துடைக்கத் தெரியாமல் கெடுத்தான் என்று பூத் வாசலில் சிரிப்பார்களே. அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒருத்தியின் மூன்று வீட்டுச் சோற்றை லட்டோடு சேர்த்து விழுங்கியிருக்கிறோம் என்பது, நெஞ்சுக்குள் இறங்காமல் நின்றது.

மறுநாள் சைக்கிளில் குமணன்சாவடிக்குப் போனார். கோவிந்தன் ஷெட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"என் ஃப்ரெண்டு ஒருத்தன் கார்ல வட்ட வட்டமா கீறல் விழுந்துடுச்சு. கையாலயே எடுக்க முடியுமா?"

"ஃப்ரெண்டுக்கு எந்த ஃபேக்டரி?"

"ஏன்?"

"வேஸ்ட்டால தொடச்சிருப்பாரு. உங்க ஆளுங்க பொணத்தக்கூட அதாலதான் தொடைப்பாங்க. சுழி வியுந்தா வியுந்ததுதான் நைனா. கீறல எடுக்க முடியாது. கீறலு எவ்ளோ ஆழமோ, அவ்ளோ பெயிண்ட்ட சுத்திலும் எறக்கணும். மொத்தமும் சமமாச்சின்னா கீறல் இருந்த எடம் தெரியாது. அவசரப்பட்டு ஒரே எடத்துல தேச்சினா அடில அடிச்ச செவப்பு பெயிண்ட்டு வெளிய வந்துடும், ஜாக்கிரத." ஒரு டப்பாவில், பெயிண்ட்டைத் தேய்த்து இறக்கும் காம்பவுண்ட் பசையை வழித்துக் கொடுத்தான். "பழைய வேட்டித் துணி. நேரா தேயி, முன்னாடி பின்னாடி. வட்டமா மட்டும் தேய்க்காத. நெழல்ல தேச்சி வெயில்ல பாரு. உன் ஃப்ரெண்டாண்ட சொல்லு."

அந்த மாசம் கிறிஸ்துதாஸுக்கு இரண்டாவது ஷிஃப்ட். காலை முழுக்கக் கார்தான். தெரசா ஒரு பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தாள். அதை நாலாக மடித்து, நனைத்து, சுண்டுவிரல் நகத்தளவு பசை தொட்டு, ஒரு சாண் அகலத்துக்குத் தேய்ப்பார். முன்னே, பின்னே. கை வட்டத்துக்கு ஏங்கும். மணிக்கட்டு தானாகச் சுழலப் பார்க்கும்; இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தேய்ப்பார். நூறு இழுப்புக்கு ஒருதரம் துணியைப் பிரித்துச் சுத்தமான முகத்துக்கு மடிக்க வேண்டும். வெள்ளை வேட்டி மூன்றாம் நிமிஷத்தில் கறுக்கும்; அவ்வளவும் காரின் கறுப்பு. விளிம்புகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றே இழுப்பு. பிறகு காரை ஓரடி வெயிலுக்குத் தள்ளிப் பார்ப்பார். சூரியனைச் சுற்றி வலை கொஞ்சம் மெலிந்திருக்கும். மறுபடி நிழலுக்குத் தள்ளுவார். அந்த ஃபியட் வாங்கிய நாளிலிருந்து ஓடிய தூரத்தைவிட அவர் தள்ளிய தூரம் அதிகம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கறுப்பு அவர் கைக்கு ஏறியது. ரேகைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மண்ணெண்ணெய், சீயக்காய், எலுமிச்சம்பழம், எதற்கும் போகவில்லை. சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டார். பார்த்தசாரதி ஆபீஸ் போகும்முன் தினமும் இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினார். "பாருங்க, காசு வாங்கமாட்டேங்கறான். இந்தக் காலத்துல யாரு செய்வா?" வேம்புலி பால் கூடையோடு நின்று, "காக்கா எத்தினி மணிக்கி வரும் அண்ணாத்தே?" என்றான். கிறிஸ்துதாஸ் சிரிக்காமல் இருந்தார். அது அவருடைய பழைய வழக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஆறாம் நாள், பானட் முடிந்து இடப்பக்கக் கதவில் இருந்தபோது தாயம்மாள் அந்த வழியாக வந்தாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு வீடு கிடைத்திருக்கிறது. நின்றாள்.

"இன்னா அண்ணாத்தே, நான் பண்ணத நீ அழிச்சிக்கினு கீறியா?"

அவர் துணியை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"எங்க ஊட்டுக்காரரே கேக்கறாரு, நெஜமாவே நாரு போடலியான்னு. இல்லன்னேன். எம் பொண்ணு கேட்டா. இல்லன்னேன். எல்லாரும் கேட்டு கேட்டு, இப்போ எனக்கே டவுட்டா கீது. மறந்தாப்ல போட்டுட்டனோ இன்னாவோ." தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "வயசாவுதில்ல."

"நீ போடல" என்றார் கிறிஸ்துதாஸ்.

"நீ நல்ல மன்ஷன், அத்தால சொல்றே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கே பார்த்தசாரதி வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. வேலை முடியட்டும், கார் பழையபடி ஆகட்டும், அப்புறம் சொன்னால் யாருக்கும் கோபம் வராது என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் அவளுடைய ஒவ்வொரு நாளும் செலவாகிக்கொண்டிருந்தது தெரிந்தும் போட்டார். மீதி நாட்கள் முழுக்க, தாயம்மாள் கையைத் திருப்பிப் பார்த்த விதம் ஒவ்வொரு இழுப்பிலும் முன்னே போய்ப் பின்னே வந்தது.

பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, முடிந்தது. காரை முழு வெயிலில் நிறுத்தினார்கள். பானட்டில் சூரியன் ஒற்றைப் பொட்டாக, தனியாக நின்றது. சுற்றிலும் ஒரு நூல் இல்லை. பார்வதம் வெள்ளித் தட்டில் கேசரி கொண்டுவந்தாள். வேம்புலி பூத்தை மூடிவிட்டே வந்திருந்தான். பார்த்தசாரதி துண்டு ஒன்றை விரித்து அவர் தோளில் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கிறிஸ்துதாஸ் இந்தத் தடவை கேசரியைத் தொடவில்லை.

"சார், தாயம்மா மேல தப்பில்ல. நான்தான் பண்ணேன். நீங்க திருப்பதியில இருந்தப்போ நான்தான் வேஸ்ட்டால காரைத் தொடச்சேன். அதுல இரும்புச் சீவல் இருந்துச்சு."

கூட்டம் அமைதியாயிற்று. அது கதைக்கான அமைதி. எப்போதும் அந்த இடத்தில் காகமோ மீனோ வரும். அவர்கள் காத்திருந்தார்கள்.

"சீவலு கடைசில எந்தப் பக்கம் போச்சி அண்ணாத்தே?" என்றான் வேம்புலி.

தெரு வெடித்துச் சிரித்தது. பார்த்தசாரதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "யோவ் தாஸ், வேஸ்ட்டால தொடச்சா கீறல் விழுமாய்யா? எம் பேத்திக்குக் கண்ணு துடைக்கறதே அதாலதான்."

"சார், சத்தியமா. கோவிந்தனைக் கேளுங்க."

"அவங்கிட்டயும் ஒரு கதை சொல்லி வச்சிருப்ப. எனக்குப் புரியாதா? அந்தப் பொம்பளை பாவம்னு பழியை நீ ஏத்துக்கற. பெரிய மனசுய்யா உனக்கு."

"உங்க சாமி சொன்ன மாதிரியே நடக்கறீங்க" என்று பார்வதம் கைகூப்பினாள்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பார். துண்டு தோளில் இரும்புப் பாளம் மாதிரி கனத்தது. அதைக் கழற்றிக் காரின் கண்ணாடியில் மாட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் போனார். துணி துவைக்கிற கல்லில் தாயம்மாள் போர்வை ஒன்றை அடித்துக்கொண்டிருந்தாள்.

"தாயம்மா, நாரு இல்ல. வேஸ்ட்டு. நான்தான்."

அவள் போர்வையைக் கல்லின் மேலேயே விட்டாள். 

"அன்னிக்கி அங்கதான நின்னுகினு இருந்தே. கையில லட்டு வச்சிக்கினு."

"ஆமா."

"நான் அண்ணாத்தேய கேளுன்னேன்."

"ஆமா."

"பன்னெண்டு நாளு." போர்வையை ஓரமாக ஒதுக்கினாள். "அத்த அங்க போயி சொல்லு. எனக்கு இன்னாத்துக்கு?"

"சொல்லிட்டேன். சிரிக்கறாங்க."

அவளும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "பின்ன நான் எதுக்கு? அந்த ஊட்டு வாசல மிதிக்க மாட்டேன்."

"உள்ள வர வேணாம். தெருவுல நின்னு பாரு. அது போதும்."

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். அவள் பத்தடி பின்னால், ஈரக் கையோடு, அதே பத்தடியை விடாமல் வந்தாள்.

கூட்டம் இன்னும் கலையவில்லை, கேசரி தீரவில்லை. தெரசா வாசலில் நின்றிருந்தாள். அவர் கேட்பதற்குள், மீட்டர் பெட்டிக்குக் கீழே கிடந்த அதே வேஸ்ட் உருண்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதோடு நேராகக் காரிடம் போனார்.

"தாஸ், என்ன பண்ற? ஏய், ஏய்!"

"நம்புங்க சார். இல்லன்னா பாருங்க."

பானட்டின் நட்டநடுவில் கையை வைத்தார். பன்னிரண்டு நாளாக நேர்கோட்டில் பழக்கியிருந்த கை. அதைப் பிடிப்பதற்கு இந்தத் தடவை இடது கை வரவில்லை. வட்டமாக ஒரு சுற்று போயிற்று. அரிசியில் கல் களையும்போது வருமே, அவ்வளவுதான் சத்தம். கையை எடுத்தார்.

சூரியனைச் சுற்றி ஒரு வளையம்.

பார்த்தசாரதி வாயைத் திறந்தபடி நின்றார். வேம்புலி எந்த நம்பரையும் கேட்கவில்லை. பார்வதத்தின் கையில் தட்டு சாய்ந்து ஸ்பூன் தரையில் விழுந்தது, யாரும் குனியவில்லை. கிறிஸ்துதாஸ் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தாமலே எல்லார் முகமும் தெரிந்தது; அவ்வளவு சுத்தமாகத் தேய்த்திருந்தார். முகங்கள் பானட்டின் வளைவில் நீண்டு, கோணி, அவரைக் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றை விலக்கிக்கொண்டு இன்னொரு முகம் உள்ளே வந்தது.

தாயம்மாள் குனிந்து பார்த்தாள். பிறகு ஈர விரலை அந்த வளையத்தின் மேல் வைத்து, அது தொடங்கிய இடத்திலிருந்து மெதுவாக, ஒரு முழுச் சுற்று சுற்றிவந்தாள்.